இது நம்ம டோன் இல்லை

2012ஆம் வருடம். பொறியியல் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. விசிட்டிங் கார்டில் ‘நெட்வொர்க் இன்ஜினியர்’ என்று போட்டிருந்தார்கள். நிஜத்தில் ஏணி தூக்குவதிலிருந்து லினக்ஸ் சர்வர் நிறுவுவது வரை எல்லாமே நான்தான். அந்த மழைக்காலத்தில் பாரிமுனையில் ஒரு பழைய கம்பெனியின் தொலைபேசிகளை இணையவழிக்கு மாற்றும் வேலை வந்தது.

போன முதல் நாள் எலக்ட்ரீஷியன் என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் ஒரு மர அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஜோடி ஜோடியாகச் செம்புக் கம்பிகள். மொத்தம் 92 ஜோடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெயர். “இதுல பாதிப் பேரு ரிடையர் ஆயிட்டாங்க தம்பி. பேர அழிக்கல, ஏன்னா ஆபரேட்டர் அக்காவுக்கு இந்தப் பேருதான் கணக்கு” என்றார்.

மேஜைக்கு மேஜை புதிய ஐ.பி. போன் வைப்பதுதான் சுத்தமான வழி. ஆனால் அன்றைக்கு ஒரு நல்ல ஐ.பி. போன் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அதற்கு நெட்வொர்க் கேபிள் வேறு இழுக்க வேண்டும். கட்டடமோ சுண்ணாம்புச் சுவர்; இரண்டடி கனம். துளை போட்டால் துளையோடு சுவரும் வரும். அதனால் பழைய போன்கள் அப்படியே இருக்கட்டும், பழைய கம்பியும் அப்படியே இருக்கட்டும், கம்பிகளெல்லாம் வந்து சேரும் இடத்தில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவானது. 24 போர்ட் கொண்ட நான்கு அனலாக் கேட்வேக்கள். வெளி லைன்கள் எட்டுக்கு இன்னொரு கேட்வே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாதாரணக் கணினியில் ‘ஆஸ்டரிஸ்க்’ என்ற இலவச மென்பொருள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். திங்கள் காலை ஆபரேட்டர் அக்கா வந்தார். அவர் பார்வையற்றவர். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஒரு தலைமுறையே அப்படி இருந்தது. பார்வையற்றவர்களுக்கு என்று இருந்த வெகு சில வேலைகளில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை முக்கியமானது. ஹெட்செட்டை மாட்டி, காதைக் கொடுத்தார். மூன்று விநாடி இருக்கும்.

“தம்பி, இது நம்ம டோன் இல்லையே.”

“அக்கா, டோன் வருதில்ல?”

“வருது. ஆனா இது நம்ம டோன் இல்ல. வேற யாரோ எடுத்த மாதிரி இருக்கு.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. டயல் டோனில் நம்முடையது என்ன, அடுத்தவருடையது என்ன? கேட்வேயின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘நாடு’ என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தது. அமெரிக்க டயல் டோன் என்பது 350 ஹெர்ட்ஸும் 440 ஹெர்ட்ஸும் சேர்ந்த ஒலி. இந்தியாவில் நாம் வாழ்நாளெல்லாம் கேட்டது 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதன்மேல் 25 ஹெர்ட்ஸின் மெல்லிய அதிர்வு. ரீங்காரத்துக்குள் ஒரு சின்ன நடுக்கம் இருக்குமே, அதுதான். மாற்றினேன். அக்கா மறுபடி கேட்டார். “ம்ம். இப்ப சரி” என்று அன்றைய முதல் அழைப்பை எடுத்தார்.

அன்று இரவு எனக்கு ஒரு கேள்வி வந்தது. இணையவழிப் பேச்சுக்கு டயல் டோனே தேவையில்லை. கணினிக்குக் கணினி பேசும் அழைப்புக்கு முன்னால் யாரும் டோன் கேட்பதில்லை. அப்படியானால் அந்தப் பெட்டி ஏன் மெனக்கெட்டு அதை உற்பத்தி செய்கிறது? எந்த நாட்டு நடுக்கம் என்று ஏன் கேட்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் பல வருடம் போய் நான் சேர்த்துக்கொண்டது.

*

முதலில் அந்த இரண்டு கம்பிகள்.

கிரஹாம் பெல்லுக்கு 1876 மார்ச் 7 அன்று காப்புரிமை கிடைத்தது. ஆரம்பகாலப் போன்களில் ஒவ்வொரு வீட்டிலும் பேட்டரி வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சை அழைக்கக் கையால் சுற்றும் மேக்னெட்டோ. பிறகு பேட்டரியை எக்ஸ்சேஞ்சிலேயே வைத்து, பேசும் அதே கம்பி வழியாக மின்சாரத்தையும் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் உலகம் முழுக்க 48 வோல்ட்டில் நிலைத்தது. அதுவும் மைனஸ் 48 வோல்ட். நேர்முனையைத் தரையில் கட்டிவிட்டால், ஈர மண்ணில் கிடக்கும் செம்புக் கம்பி அரித்துப்போவது குறையும் என்பதால் அப்படி.

போனைக் கையில் எடுக்கிறோம். உள்ளே ஒரு ஸ்விட்ச் மூடுகிறது, சுற்று முழுமையாகிறது, இருபது மில்லி ஆம்பியரைச் சுற்றி மின்னோட்டம் ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு அது ஒரு சேதி: ‘யாரோ எடுத்திருக்கிறார்கள்.’ அதற்கு எக்ஸ்சேஞ்ச் சொல்லும் பதில்தான் டயல் டோன்: ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்.’ அழைப்பு வந்தால் அதே கம்பியில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னோட்டத்தை அனுப்பி மணியை அடிக்கும். மழைநாளில் ஈரக் கையோடு அலமாரிக்குள் கைவிட்ட அன்று, எனக்கு யாரோ கால் செய்தார்கள். அந்த மின்சாரத்தை நான் மறக்க மாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போனுக்குத் தனியாகப் பிளக் கிடையாது. ஊரில் கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் மின்சாரம் இருக்கும்வரை கறுப்புப் போனுக்கு உயிர் இருக்கும். புயல் நாட்களில் இருட்டு வீட்டில் போன் மட்டும் மணியடித்த நினைவு நம்மில் சிலருக்காவது இருக்கும். பிரிட்டனில் இப்போது பழைய தொலைபேசி வலையை மொத்தமாக மூடிவருகிறார்கள். தனியாக வாழும் முதியவர்கள் அவசரத்துக்கு அழுத்தும் எச்சரிக்கைக் கருவிகள் அந்தச் செம்புக் கம்பியை நம்பியிருந்தன. மாற்றத்தின்போது சில இடங்களில் அவை வேலை செய்யாமல் போய் விபரீதமானதும், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்கும்படி ஆனது. முதலில் 2025 என்றிருந்த கெடுவும் 2027க்குத் தள்ளிப்போனது. கம்பி பேச்சை மட்டும் சுமக்கவில்லை என்பது கம்பியை எடுக்கும்போதுதான் தெரிகிறது.

*

அடுத்து, கம்பியின் மறுமுனையில் இருந்தவர்கள்.

ஆரம்பத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். தந்தி அலுவலகப் பழக்கம். பையன்கள் அழைத்தவர்களிடம் வாய்த்துடுக்காகப் பேசினார்கள், விளையாடினார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர். அதன்பிறகு அது பெண்களின் வேலையானது.

ஆபரேட்டரை அகற்றும் முயற்சியும் சீக்கிரமே தொடங்கியது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச் சடங்குகள் நடத்தித் தருவதைத் தொழிலாகச் செய்துவந்தார். ஊரில் போட்டிக்காரர் ஒருவரின் மனைவி ஆபரேட்டராக இருந்தார் என்றும், சாவு வீட்டு அழைப்புகளையெல்லாம் அவர் தன் கணவருக்கே திருப்பிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, காப்புரிமை உண்மை: 1891இல் ஸ்ட்ரோஜர், மனிதர் இல்லாமல் தானே இணைக்கும் ஸ்விட்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. நாம் சுழற்றிய டயல் அந்த வம்சத்தில் வந்ததுதான். 5ஐச் சுழற்றினால் மின்னோட்டம் ஐந்து முறை அறுந்து அறுந்து ஒட்டும். பூஜ்யத்துக்குப் பத்து முறை. 1963இல் பெல் நிறுவனம் பொத்தான் போனைக் கொண்டுவந்தபோது அறுபடுதலுக்குப் பதில் இரட்டை ஒலிகள் வந்தன. 1ஐ அமுக்கினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும்.

எண்கள் ஒலியாக மாறியதும் காது உள்ளவர்களுக்குக் கதவு திறந்தது. ஜோ எங்கிரெசியா என்ற அமெரிக்கச் சிறுவன் பிறவியிலேயே பார்வையற்றவன். சுருதியைத் துல்லியமாகப் பிடிக்கும் காது. ஏழெட்டு வயதில், ஒரு குறிப்பிட்ட சுருதியில் விசிலடித்தால் தொலைதூர அழைப்பு துண்டிக்கப்படுவதைக் கண்டுபிடித்தான். அது 2600 ஹெர்ட்ஸ். அமெரிக்கத் தொலைதூர லைன்கள் ‘இந்த லைன் காலியாக இருக்கிறது’ என்று தமக்குள் சொல்லிக்கொள்ளப் பயன்படுத்திய அதே ஒலி. பின்னாளில் ‘ஃபோன் ஃப்ரீக்’ என்று அழைக்கப்பட்ட கூட்டத்துக்கு அவர் ஒரு ஆதர்சம். தொலைபேசி வலையை அதைக் கட்டிய பொறியாளர்கள் வரைபடத்தில் பார்த்தார்கள். அந்தப் பையன் அதைக் கேட்டான். இதைப் படித்தபோது எனக்குப் பாரிமுனை அக்காவின் மூன்று விநாடிகள் நினைவுக்கு வந்தன. அன்று சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது.

இந்தியாவுக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும். 1913-14இல் சிம்லாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். 1948இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறைத் தொழிற்சாலை. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் முதல் எஸ்.டி.டி. அதுவரைக்கும், அதற்கு ரொம்ப நாள் பிறகும், வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கும் விலை வைத்திருந்தார்கள். 1984இல் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடாவும் இளம் பொறியாளர்களும் வெளிநாட்டு ஸ்விட்சுகளை வாங்காமல் இந்திய வெயிலுக்கும் தூசிக்கும் தாங்கும் சின்ன டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். குளிர்சாதன வசதி வேண்டாத 128 போர்ட் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகாவின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. பிறகு தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள். அவற்றை ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்தார்கள். அக்காவோடு படித்த தோழி ஒருவர் அப்படி ஒரு பூத் வைத்திருந்தாராம். “அவளுக்குத்தான் முதல்ல போச்சு” என்று ஒருநாள் சொன்னார். எது போச்சு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

குரல் எப்படி எண்ணாக மாறியது?

1937இல் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பாரிஸில் வேலை பார்க்கும்போது ஒரு யோசனைக்கு வந்தார். அலையை அலையாக அனுப்பினால் வழியெல்லாம் இரைச்சல் சேரும். அலையை அளந்து, அளவுகளை எண்ணாக அனுப்பினால்? மறுமுனையில் எண்ணைப் பார்த்து அலையைத் திரும்ப வரைந்துகொள்ளலாம். அன்றைக்கு அதைச் செய்ய மலிவான கருவி இல்லை. டிரான்சிஸ்டர் வந்து, 1962இல்தான் பெல் நிறுவனம் அதை வணிகரீதியாக ஓட்டியது. இன்றும் அதே கணக்கு: விநாடிக்கு 8000 முறை அளவெடு, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். மொத்தம் விநாடிக்கு 64,000 பிட். ஜி.711 என்று பெயர். நான் பாரிமுனையில் ஓட்டியதும் அதுவே.

எண்ணாக மாறிவிட்ட குரலைக் கணினி வலையில் அனுப்பலாமே என்ற அடுத்த கேள்விக்கு 1974இலேயே விடை இருந்தது. அர்ப்பாநெட்டில் டேனி கோஹனும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவின் ஐ.எஸ்.ஐ. ஆய்வகத்துக்கும் மாசச்சூசெட்ஸின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே பேச்சைப் பொட்டலங்களாக அனுப்பிப் பார்த்தார்கள். அப்போது ஒன்று தெளிவானது. கோப்பு அனுப்பும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு எழுத்து போனாலும் கணக்குத் தப்பு. ஆனால் பேச்சில் தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும். இருபது மில்லி விநாடி விட்டுப்போனால் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். அதற்காகக் காத்திருந்தால் உரையாடலே நொண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி.யிலிருந்து ஐ.பி.யைத் தனியே பிரிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் கோஹன் முக்கியமானவர். உத்தரவாதம் எதுவும் தராத, ஆனால் தாமதிக்காத யு.டி.பி. அந்த வழியில் வந்தது. இன்று வீடியோ கால் பேசும் ஒவ்வொருவரும் அந்த வாதத்தின் வாரிசுதான்.

1995இல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் ‘இன்டர்நெட் ஃபோன்’ மென்பொருளை விற்றது. 1996இல் குரல் பொட்டலங்களுக்கான ஆர்.டி.பி., 1999இல் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்.ஐ.பி. இந்த எஸ்.ஐ.பி. எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது மனிதர் படிக்கக்கூடிய எழுத்தாக இருப்பதுதான். ‘இன்வைட்’ என்று ஓர் அழைப்பிதழ் போகும். ‘ரிங்கிங்’ என்று பதில் வரும். எடுத்தால் ‘ஓகே.’ முடிந்தால் ‘பை.’ ராத்திரி இரண்டு மணிக்கு லாகைப் படித்தால், யாரோ கல்யாணத்துக்குக் கூப்பிட்டு மரியாதையாக வழியனுப்பிவைப்பதைப் போலிருக்கும்.

இந்தத் தொழிலில் எல்லோரும் இதை ‘வாய்ப்’ என்பார்கள். தமிழில் எழுதும்போது ‘வாய்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை அக்காவிடம் சொன்னபோது, “காதுக்கு ஒண்ணும் பேரு வெக்கலியா?” என்றார்.

*

இனி இரண்டையும் சேர்க்கும் இடம்.

1999இல் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் பிரச்சினைகளுக்கு உதவும் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். வாடிக்கையாளர் அழைப்புகளைப் பிரித்தனுப்ப ஒரு பி.பி.எக்ஸ். வேண்டும். விலை கட்டுப்படியாகவில்லை. எனவே தானே எழுதிவிட்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க். மென்பொருள் இருந்தாலும் நிஜ லைனைக் கணினிக்குள் கொண்டுவர அட்டை வேண்டுமே? அதே காலத்தில் ஜிம் டிக்சன் என்ற இன்னொருவர், விலை உயர்ந்த சிறப்புச் சில்லுகள் செய்யும் வேலையைச் சாதாரணக் கணினியின் பிராசசரே செய்துவிடும் என்று கணக்குப் போட்டு, மலிவான அட்டையை வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார். தொலைபேசிக் கம்பெனிகளுக்கு எதிரான புரட்சி என்பதால் மெக்ஸிகோவின் புரட்சியாளர் எமிலியானோ ஸபாட்டாவின் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்தார். இருவர் வேலையும் ஒன்றாகச் சேர்ந்தது.

இன்னொரு பக்கம், ஒற்றைப் பழைய போனை நேரடியாக இணையத்தில் செருகும் சின்னப் பெட்டிகள். கோமோடோ என்ற நிறுவனம் செய்த பெட்டியை 2000இல் சிஸ்கோ வாங்கி ஏ.டி.ஏ. 186 என்று விற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில், ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய ‘கோர்டெக்ட்’ இதன் உறவினர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கிராமத்து வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. கம்பிக்குப் பதில் கம்பியில்லா இணைப்பு. ஆனால் பெட்டியில் செருகுவது சாதாரணப் போன்தான். பக்கத்திலேயே கணினிக்கு இணையம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. அந்தப் பெட்டி போனிடம் பொய் சொல்கிறது. ‘பயப்படாதே, எக்ஸ்சேஞ்ச் இங்கேதான் இருக்கிறது’ என்கிறது. மைனஸ் 48 வோல்ட்டை (பல பெட்டிகளில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக) அதுவே தயாரிக்கிறது. போன் எடுக்கப்பட்டதும் டயல் டோனை அதுவே பாடுகிறது. மணியடிக்க மாறுமின்னோட்டத்தை அதுவே சுண்டுகிறது. நூறு ஆண்டு வேலையை, உள்ளங்கை அளவு அட்டையில் நடித்துக் காட்டுகிறது. அதனால்தான் ‘நாடு’ கேட்கிறது. எந்த ஊர் எக்ஸ்சேஞ்சாக நடிக்க வேண்டும் என்று தெரியாமல் எப்படி நடிப்பது?

நடிப்பு பிசகிய இடங்களில்தான் நான் நிஜமாகப் படித்தேன்.

டைரக்டர் அறையில் ஒரு கறுப்பு டயல் போன் இருந்தது. கனமான மணி. புதிய பெட்டியின் மின்சாரம் அதை அடிக்கப் போதவில்லை; க்ளிக் என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. டயல் சுழற்றினால் பெட்டிக்குப் புரியவும் இல்லை, அதற்கு ஒலி எண்கள்தான் தெரியும். அந்த ஒரு போனை மாற்ற வேண்டியதாயிற்று. டைரக்டர் அதை மேஜையிலிருந்து எடுக்கவே விடவில்லை. கம்பி இல்லாமல் அங்கேயே இருந்தது.

அடுத்தது எதிரொலி. “கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கு சார்” என்று மூன்று மாடியிலிருந்தும் புகார். இது பழைய கடன். இரண்டே கம்பியில் பேச்சும் கேட்பும் சேர்ந்து ஓடுகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் இடத்தில் நம் குரலின் ஒரு கீற்று கசிந்து நமக்கே திரும்பி வரும். அது நூறு வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. உடனே வந்ததால் தெரியவில்லை. இப்போது பொட்டலம் கட்ட இருபது மில்லி விநாடி, வரிசைப்படுத்த இன்னும் சில பத்துகள். தாமதமான அதே கீற்று எதிரொலி ஆகிவிட்டது. இதைத் தீர்க்கும் ‘எக்கோ கேன்சலர்’ 1960களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. செயற்கைக்கோள் வழிப் பேச்சின் நீண்ட தாமதத்துக்காக. அதைச் செய்தவர்களில் ஒருவர் மன்மோகன் சோந்தி. பஞ்சாபில் பிறந்து பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் படித்தவர். என் குரல் எப்படித் திரும்பி வரும் என்று தொடர்ந்து கற்றுக்கொண்டு, வரும் முன்பே கழித்துவிடுவதுதான் அந்த உத்தி. கேட்வேயில் அதற்கான அளவைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாவதுதான் கஷ்டம். வெளி லைன்கள் மாட்டிக்கொண்டன. அழைத்தவர் போனை வைத்த பிறகும் பெட்டி லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் எட்டு லைனும் ‘பிஸி.’ அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகள் பல, எதிராளி வைத்ததும் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்திச் சொல்லும். அந்தப் பெட்டி அதற்குத்தான் காத்திருந்தது. அங்கிருந்த லைன்களிலோ வெறும் பிஸி டோன்தான் வரும். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பெட்டிக்குக் கற்றுத்தர வேண்டும். எத்தனை விநாடி ஒலி, எத்தனை விநாடி மௌனம்?

அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமலே மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். டொக்... டொக்... டொக். “ரெண்டும் ஒரே அளவு தம்பி. ஒரு செகண்டு முழுசா இருக்காது. முக்கால்தான்.”

பிறகு சரிபார்த்தேன். இந்தியாவின் பிஸி டோன்: 400 ஹெர்ட்ஸ், 750 மில்லி விநாடி ஒலி, 750 மில்லி விநாடி மௌனம்.

*

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. ஆனால் கணினியிலிருந்து இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரணப் போனுக்கு அழைக்க முடியாது. வெளிநாட்டுக்கு மட்டும்தான். கம்பெனிகள் தம் கிளைகளுக்குள் ஐ.பி. வழியாகப் பேசிக்கொள்ளலாம், அந்தப் பேச்சை வெளி லைனோடு ஒட்டக்கூடாது. முதலாளிக்கு இது புரியவே இல்லை. “தூத்துக்குடி ஆபீஸ்லருந்து நெட்ல வந்து, இங்கருந்து லோக்கல் காலா போனா எஸ்.டி.டி. மிச்சம்தானே?” மிச்சம்தான், ஆனால் குற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரை நான் மென்பொருளில் எழுத வேண்டியிருந்தது. அதுவரை அக்கா “இருங்க, கனெக்ட் பண்றேன்” என்று ஒரு விரலில் செய்துவந்த விஷயம் அது. உள்நாட்டு இணையத் தொலைபேசி அழைப்புகளுக்கு வழி திறக்க 2018 ஆகிவிட்டது.

*

இதுவரை எழுதியதில் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

வேலை முடியும் தறுவாயில் மேனேஜர் கூப்பிட்டார். “ஐ.வி.ஆர். போட்டுடலாமே. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு வருமே, அது.” ஆஸ்டரிஸ்க்கில் அது இருபது வரி. அரை மணி நேரத்தில் எழுதினேன். எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. நன்றாக எழுதியிருக்கிறோம் என்றுகூட நினைத்தேன்.

குரல் வேண்டும். ஸ்டுடியோ என்றால் செலவு. “நம்ம ஆபரேட்டரே பேசட்டும், நல்ல குரல்” என்றார் மேனேஜர். ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு, அக்கா தன்னுடைய போனிலிருந்தே ஒரு எண்ணை அமுக்கிப் பேசினார். தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒரே டேக். எந்தத் துறைக்கு எந்த எண் என்பதை ஒருமுறைதான் வாசித்துக் காட்டினேன். தமிழ் வரவேற்பு 11 விநாடி. கோப்பின் அளவு 88,000 பைட்.

ஹெட்செட்டை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஒண்ணும் அமுக்காம இருந்தா?”

“உங்களுக்கு வரும் அக்கா.”

“எவ்ளோ நேரம் கழிச்சு?”

“பத்து செகண்டு.”

“பத்து செகண்டு யாரு தம்பி இருப்பாங்க? வெச்சிடுவாங்க.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நாலா வெச்சுக்கலாமா?”

அவர் நிரந்தர ஊழியர். வேலை போகாது, ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அவர் கேட்டது சம்பளத்தை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பத்தை நாலாக மாற்றினேன். மேனேஜரிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பராமரிப்புக்குப் போனபோது லாகைப் பார்த்தேன். முன்பு நாளைக்கு இருநூறு அழைப்பு அவர் கை வழியாகப் போகும். இப்போது முப்பது, முப்பத்தைந்து. பெரும்பாலும் எதையும் அமுக்கத் தெரியாதவர்கள், அல்லது அமுக்கப் பிடிக்காதவர்கள். பத்து விநாடியாகவே விட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று கணக்கிட வழியில்லை. அக்கா அந்த முப்பது பேரிடமும் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது.

ஸ்ட்ரோஜர் காலத்திலிருந்து இந்த வரலாற்றை ஆபரேட்டரை அகற்றும் வரலாறாகவும் சொல்லலாம். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருபது வரி என்னுடையது.

போன வருடம் வேறு ஒரு காரணத்துக்காக அந்த எண்ணைத் தேடி அழைத்தேன். அதே எண். அதே வரவேற்பு, அதே 11 விநாடி. அக்கா ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் அமுக்காமல் இருந்தேன். நாலு விநாடி. மணி அடிக்கத் தொடங்கியது; நம்ம ஊர் மணி. இரண்டு குட்டி ஒலி, இரண்டு விநாடி மௌனம், மறுபடி இரண்டு குட்டி ஒலி.

செக்யூரிட்டி எடுத்தார். “ஹலோ, யாரு வேணும்?”